ராணிக்கு மூன்று வாரம் பேச்சில்லை

ஜூன் 3, செவ்வாய்

இன்று மூக்கு வழியாகக் கேமராவை என் தொண்டைக்குள் இறக்கினார்கள். டாக்டர் உமையாள் திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு குரல்நாண்கள். இரண்டிலும் நேர் எதிரே, அரிசி நொய் அளவுக்கு ஒவ்வொரு முடிச்சு. இருபத்தொரு வருஷமாக இதை வைத்துத்தான் பிழைக்கிறேன், இன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். முடிச்சைத் தவிர மற்றபடி அழகாகத்தான் இருக்கிறது.

மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார். முடிச்சு கரைந்தால் நல்லது. கரையாவிட்டால் அறுவை. அதற்குப் பிறகு குரல் வரும், ஆனால் இதே குரல் வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். டாக்டர்கள் இதையெல்லாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

படிவத்தில் தொழில் என்ற இடத்தில் டப்பிங் கலைஞர் என்று எழுதினேன். எந்த சீரியல் என்று நர்ஸ் கேட்டாள். ராணி சுகந்தா என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஹிந்தியில் நடிப்பது யாரோ. தமிழில் நான்கு வருஷமாகப் படை நடத்துவதும், பிள்ளை பெறுவதும், மைத்துனனைச் சபிப்பதும் அயனாவரம் பிலோமினா. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. எதற்கு மறைக்க வேண்டும்.

படிவத்தில் இன்னொரு கேள்வி. ‘வீட்டில் உரத்துப் பேச வேண்டிய நிலை உள்ளதா?’ இல்லை என்று டிக் அடித்தேன்.

தேவையானதை எழுதிக் காட்டச் சொன்னார் டாக்டர். வழியில் இந்த நோட்டை வாங்கினேன். முன்பக்கத்திலிருந்து ஊருக்கு. பின்பக்கத்திலிருந்து எனக்கு.

ஜூன் 4, புதன்

டப்பிங் பொறுப்பாளர் தணிகாசலம் சாருக்குச் செய்தி அனுப்பினேன். கும்பிடும் கைகள் நான்கு அனுப்பினார். பத்து நிமிடம் கழித்து, ‘யுத்த எபிசோடெல்லாம் வருதேம்மா’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு, பிருந்தா என்ற பெண்ணைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வதாக இன்னொரு வரி. தற்காலிகம் என்ற சொல்லை நான் நன்றாக அறிவேன். நானே இந்தத் தொடருக்குத் தற்காலிகமாக வந்தவள்தான்.

வீட்டில் என் கணவருக்கு இட்லியா உப்புமாவா என்று கேட்க, அடுப்பைக் குறைத்து, கை துடைத்து, பால்கனி வரை போய், தோளைத் தொட்டு, நோட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அவர் கண்ணாடி தேடினார். அதற்குள் சட்டி அடிபிடித்துவிட்டது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் ரிவெட் ஆணி அடித்தவர். அந்தப் பட்டறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் இருப்பதுதான்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் ஒரு தடவை கனைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று முழுக்கக் கோபம். எழுதியே தீர வேண்டும்.

இந்தத் தொண்டையை நான் எப்படி வைத்துக்கொண்டேன் என்று ஊருக்கே தெரியும். ஐஸ் தண்ணீர் கிடையாது. ரெக்கார்டிங் நாளில் தயிர் கிடையாது, பால் கிடையாது. வாய் பிசுபிசுத்தால் மைக்கில் சத்தம் கேட்கும் என்று கைப்பையில் எப்போதும் ஒரு பச்சை ஆப்பிள். கனைக்க வேண்டும் போலிருந்தால் ஒரு வாய் வெந்நீர். கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார மாட்டேன். உதட்டைப் படபடவென்று அடித்துப் பயிற்சி செய்யாமல் ஒரு நாளும் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததில்லை. புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்கள்.

பிறகு எனக்கு ஏன் முடிச்சு?

ஏனென்றால் தணிகாசலம் சாருக்கு வழக்கம் தெரியாது. அலறல், கூப்பாடு, ஒப்பாரி எல்லாம் கடைசியில்தான் பதிய வேண்டும். பேச்சை முடித்துக்கொண்டு கத்தலுக்குப் போக வேண்டும். தொழிலில் அப்படித்தான் பழக்கம். அவர் கதை வரிசையிலேயே போவார். காலை ஒன்பதரைக்கு ராணி கோட்டை வாசலில் அலறுவாள், பத்து மணிக்குக் குழந்தையைத் தாலாட்ட வேண்டும். மே மாதம் மட்டும் பதினோரு நாள் அலறியிருக்கிறேன். ஒன்றுவிடாமல் குறித்து வைத்திருக்கிறேன்.

என் தொண்டையைக் கெடுத்தது நீங்கள்தான் என்று அவருக்கு இரண்டு பக்கச் செய்தி தட்டினேன். அனுப்பவில்லை. ஏதோ ஒன்று தடுத்தது. பிருந்தா இருக்கும்போது சண்டை போடக் கூடாது என்றுதான் இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

கீழ்வீட்டு ரஷீதா மேலே வந்தார். கையில் கிண்ணம் நிறைய சேமியா.

“ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன் அக்கா. பத்து நாளா உங்க சத்தமே இல்லையே,” என்றார்.

என் சத்தம் கீழே வரை வருமா என்று எழுதிக் காட்டினேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். எங்கள் வீட்டில் மதியம் என்ன குழம்பு, என் வீட்டுக்காரர் மாத்திரை போட்டாரா இல்லையா, எந்தச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும், எல்லாமே கீழ்வீட்டுக்குத் தெரியுமாம். அவருடைய பிள்ளைகள் அதை வைத்துத்தான் ஸ்கூலுக்கு நேரம் பார்ப்பார்களாம்.

பழைய கட்டடம். மெல்லிய தளம். எல்லாம் கேட்கத்தான் செய்யும்.

ஜூன் 16, திங்கள்

பிருந்தா பேசிய முதல் எபிசோட் இன்று வந்தது. ஏழு மணிக்கு அவர் வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்து சத்தத்தை உச்சத்தில் வைத்தார். என் தொடரை ஒரு நாளும் தவறவிட்டதில்லை அவர். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

பிருந்தா மோசமில்லை. வயதுக்கு மீறி நிதானம் இருக்கிறது. மூச்சை மட்டும் வாக்கியத்தின் நடுவில் எடுக்கிறாள். ஆனால் என் குரலுக்கும் அவள் குரலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்னுடையது கட்டை. அவளுடையது மெல்லிசு. பால்காரன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

எபிசோட் முடிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னைக்கு ரொம்ப நல்லா பேசியிருக்க, பிலோ.”

சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, இட்லிக் கொப்பரை மூடியைத் தரையில் போட்டேன். கீழே ரஷீதா வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார்.

சரி, எழுதுகிறேன். இந்த நோட்டிலும் பொய் சொன்னால் பிறகு எங்கே போய் உண்மையைச் சொல்வது.

மந்தமெல்லாம் இல்லை. அவருக்குக் காது கேட்கவில்லை. ரொம்ப நாளாகவே கேட்கவில்லை. போன் வந்தால் ‘நீயே பேசு’ என்று என்னிடம் நீட்டுவார். கடையில் என்னை முன்னால் விடுவார். ஓய்வு பெறும்போது பட்டறையில் காது சோதித்துக் கொடுத்த காகிதத்தை எனக்குக் காட்டாமல் கிழித்துப் போட்டார். துண்டுகளைக் குப்பையில் பார்த்தேன், பார்க்காத மாதிரி மூடினேன். அவருடைய அண்ணனைத் தெருவில் எல்லோரும் ‘செவிட்டு சாமி’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு இவர் எவ்வளவு பயந்தார் என்று எனக்குத் தெரியும்.

அதனால் நான் கத்தினேன். எந்த வாக்கியமும் வீட்டில் இரண்டு தடவை. முதல் தடவை என் குரலில், இரண்டாம் தடவை ராணி குரலில். சமையலறையிலிருந்து பால்கனிக்கு. குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து உள்ளே. மாதா கோயிலில் யாராவது பேசினால் அவர் காதருகே நான் திரும்பச் சொல்வேன், அவர் தலையாட்டுவார், யாருக்கும் தெரியாது. எத்தனையோ வருஷமாக இவருக்கு ஊரையே டப்பிங் செய்து கொடுத்திருக்கிறேன்.

மே மாதம் ஸ்டுடியோவில் பதினோரு அலறல் என்று குறித்து வைத்தவள், வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு தடவையாவது குறித்தேனா? மைக் முன்னால் பேசுவது மட்டும்தான் குரல் என்று நினைத்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரியாதபோது வாயிலிருந்து வருவதெல்லாம் இலவசம் என்று நினைத்தேன். என்னைப் போன்ற முட்டாள் இந்தத் தொழிலில்தான் இருப்பாள்.

அவருக்கு என் குரலே தெரியாது. அதுதான் நேற்றிலிருந்து வலிக்கிறது. நான்கு வருஷமாக ‘நல்லா பேசினே’ என்று சொன்னது திரையில் அசைந்த யாரோ ஒருத்தியின் உதட்டைப் பார்த்து.

ஜூன் 18, புதன்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்: காது டாக்டரிடம் போகலாம்.

“எனக்கென்ன? காது நல்லாத்தான் இருக்கு. நீதான் எப்பவும் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிற,” என்றார்.

பதினைந்து நாளாக வாயே திறக்காதவளிடம் சொன்னார் இதை.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி கேமரா. இடது பக்க முடிச்சு பாதியாகிவிட்டது. வலது பக்கம் கொஞ்சம்தான். அறுவையா என்று எழுதிக் காட்டினேன். டாக்டர் பதில் சொல்வதற்கு முன் பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, ‘இல்லை’யை அடித்து ‘ஆம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘கணவர்’ என்று சேர்த்தேன்.

டாக்டர் திட்டவில்லை. இந்தக் கேள்விக்கு முதல் தடவையிலேயே உண்மையை எழுதுகிறவர்கள் குறைவு என்றார். இன்னும் இரண்டு வாரம் தந்தார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் மட்டும் பேசலாம். உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் வைத்து, குமிழி வர ஊதியபடியே ‘ஊ’ என்று முனக வேண்டும். அப்புறம் ஒரு விதி.

“கையெட்டுற தூரத்துல இருக்கறவங்ககிட்ட மட்டும் பேசுங்க. அடுத்த ரூம்ல இருக்கறவங்களுக்கு உங்க குரல் கிடையாது. ஸ்டுடியோவுக்குத் திரும்பணும்னா இது ஒண்ணுதான் வழி.”

வெளியே ‘பிலோமினா கூட வந்தவங்க’ என்று நர்ஸ் மூன்று தடவை கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்த் தொட்டேன்.

ஜூன் 25, புதன்

இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. கண்ணாடி முன்னால் நின்று என் பெயரைச் சொன்னேன். குரல் வந்தது. கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. அழுதேன், ஆனால் சத்தமில்லாமல். ஐந்து நிமிடத்தில் அதுவும் சேர்த்தியா என்று தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

தணிகாசலம் சார் செய்தி. ராணி மகனைப் பறிகொடுக்கும் எபிசோட். அடுத்த வாரமே நான் வர வேண்டும், ஒரு நாள் முழுக்க ஒப்பாரி. முடியாதென்றால் பிருந்தாவையே நிரந்தரமாக்கிவிடுவார்களாம்.

பதில் அனுப்பினேன். ஜூலை எட்டுக்கு முன்னால் வர மாட்டேன். வந்தாலும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். கத்தல் கடைசியில். கத்தல் ஒரே டேக்.

‘பிருந்தா இப்படியெல்லாம் கண்டிஷன் போடறதில்லம்மா’ என்று வந்தது.

‘அப்படின்னா பிருந்தாவுக்கும் சீக்கிரம் முடிச்சு வரும் சார்’ என்று அனுப்பிவிட்டு போனை அணைத்தேன். குரலே போன பிறகு ராணி வேடம் எனக்கு எதற்கு?

ஜூன் 27, வெள்ளி

கையோடு கையாக வீட்டிலும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைக் கொடுத்து, அவர் படித்து முடிக்கும் வரை நகரவில்லை. ‘இனிமேல் கையெட்டும் தூரத்தில்தான் பேசுவேன். ஊர் சொல்வதை உங்களுக்குத் திரும்பச் சொல்ல மாட்டேன். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள்.’

நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வெளியே போனார். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்.

ஜூன் 28, சனி

கேஸ் சிலிண்டர் வந்து மணி அடித்து அடித்துத் திரும்பிப் போயிற்று. கதவுக்கு நான்கு அடியில் அவர். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். என் வேலை இல்லை என்று நின்றேன். மூன்று நாளாவது மின்சார அடுப்பில்தான் சமையல். பரவாயில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். சவரிமுத்துவின் மகன் எங்களைப் பார்த்து வந்தான். சவரிமுத்து இவருடன் ஒரே ரயில் பெட்டிக்கடியில் படுத்து ரிவெட் அடித்தவர். துக்கத்துக்காக அவன் சட்டையில் குத்தியிருந்த கறுப்பு பேட்ஜைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இவர் பையனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா வியாழக்கிழமை தவறிட்டாங்க அங்கிள்,” என்றான்.

இவர் வாய் நிறையச் சிரித்தார். அவன் தோளில் தட்டினார். “நல்லது, நல்லது. நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லு.”

அந்தப் பையனின் முகத்தை என்னால் எழுத முடியாது. சுற்றி நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையையும்.

நான் கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன். அந்த வேளைக்கான ஐந்து நிமிடமும் மிச்சம் இருந்தது. இவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். செய்யவில்லை. அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, இவரை அழைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எழுதிக் கொடுத்தேன். படித்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார்.

நான் செய்தது தப்பு என்று எழுத மாட்டேன். சரி என்று எழுதவும் கை வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

நேற்றும் இன்றும் டிவி போடவில்லை. சவரிமுத்து வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். என்ன பேசினார், என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

தணிகாசலம் சார். பிருந்தாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், காற்றுதான் வருகிறதாம். என் நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறாராம், நாளைக்கே வர முடியுமா என்றார். எட்டாம் தேதி டாக்டர், பத்தாம் தேதி நான் என்று அனுப்பினேன். பிருந்தாவுக்கு டாக்டர் உமையாளின் நம்பரை அனுப்பி, படிவத்தில் உண்மையை எழுதச் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறைக்கு வந்து, கையெட்டும் தூரத்தில் நின்றார்.

“எங்க போகணும்?” என்றார்.

கிரைண்டரை நிறுத்தினேன்.

ஜூலை 5, சனி

காது சோதனை. கண்ணாடி அறைக்குள் அவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, என்னை யாரோ அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது மாதிரி இருந்தது. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அவர் விரல் ரொம்ப நேரம் அசையவே இல்லை. வெளியே வந்து காகிதத்தை என்னிடம் கொடுத்தார். கிழிக்கவில்லை. ஒரு வாரத்தில் காது மெஷின் வந்துவிடுமாம்.

ஜூலை 8, செவ்வாய்

இடது சுத்தம். வலதில் கடுகளவு. அறுவை வேண்டாம்.

ஜூலை 10, வியாழன்

ஸ்டுடியோ. பேச்செல்லாம் முதலில் முடித்தேன். குரல் தாழ்ந்திருக்கிறதே, பழையபடி கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா என்றார் தணிகாசலம் சார். முடியாது, ராணிக்கும் வயதாகிறது என்றேன்.

கடைசியில் ஒப்பாரி. மகன் விழுந்த இடத்தில் ஹிந்திக்காரி இருபது வினாடி வீறிடுகிறாள். நான் வயிற்றிலிருந்து எடுத்தேன், தொண்டையைத் தொடாமல். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் சார் மைக்கை எடுத்தார்.

“சேஃப்டிக்கு இன்னொண்ணு போயிடலாம்மா,” என்றார்.

“ஒண்ணுதான் சார் பேசினது,” என்று ஹெட்போனைக் கழற்றி மாட்டினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

மெஷின் வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் உட்கார்கிறது, முந்திரிப் பருப்பு அளவுக்கு ஒன்று அவரை இவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது. பொருத்திய பெண் கணினியில் எதையோ நகர்த்தினாள். அவர் தலையைத் திருப்பி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையைத் தேய்த்துப் பார்த்தார்.

“மேடம், நீங்க சாதாரணமா எதாவது பேசுங்க,” என்றாள் அந்தப் பெண்.

எத்தனையோ பேருக்காகப் பேசியவள் நான். எனக்காகப் பேச ஒரு வரியும் கிடைக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், இரண்டாம் தடவை இல்லை என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டு, சொன்னேன்.

“மத்தியானத்துக்கு மீன் வாங்கிட்டுப் போலாமா?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ஆனாலும் திரும்பச் சொல்லவில்லை.

“உனக்கு எம்மேல கோவம் இல்லையா, பிலோ?” என்றார்.

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று புரியாமல் நான் விழித்தேன்.

“நீ எப்ப வாயைத் தொறந்தாலும் கத்துவ. இத்தனை வருஷமும் நீ எங்கிட்ட கோவமாவே இருக்கிறதா நெனச்சேன். அதான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன்.”

மெஷின் பொருத்திய பெண் கணினித் திரையை ரொம்பக் கவனமாகப் பார்த்தாள்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில். அந்தக் காகிதத்தைக் கிழித்த நாளிலிருந்து நான் கத்திய கத்தல் எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு ஏறியது. பழைய பிலோமினாவாக இருந்தால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்திருக்கும்.

“கோவமாத்தான் இருக்கேன்,” என்றேன், அதே தாழ்ந்த குரலில். “நெறையவே இருக்கேன். இனிமே இந்தக் குரல்லதான் கோவப்படுவேன். எந்திரிச்சுப் போகாம உக்காந்து கேளுங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“கேக்குது,” என்றார்.